160, 80 மீற்றரில் இரைச்சல் தாங்கமுடியவில்லை: வன்னியில் தனி ரிசீவிங் அன்ரெனா எது சரிவரும்?

முறிகண்டி160:

எல்லோருக்கும் வணக்கம். நான் அமெச்சூர் ரேடியோ (ஹாம்) ஆள். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவில், ஏ9 வீதியை விட்டுக் கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. ஒரு ஏக்கர் வளவு, பின்னால் வடமேற்குப் பக்கமாகப் பெரியப்பாவின் வயல், அதற்கப்பால் காடு. இந்த இடத்தில் இருப்பவனுக்கு இரைச்சலா என்று கொழும்பு நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் 160 மீற்றர் அலைநீளப் பட்டையில் என் எஸ் மீற்றர் (சிக்னல் பலம் காட்டும் மானி) எஸ்9க்குக் கீழே இறங்குவதில்லை. 80இல் எஸ்7, 40இல் எஸ்5.

160க்கு இன்வேர்ட்டட் எல் (தலைகீழ் எல் வடிவ வயர் அன்ரெனா) கட்டியிருக்கிறேன், பனையோடு 14 மீற்றர் மேலே ஏறி மிச்ச வயர் கிடையாக வேம்பு வரை போகிறது. 80க்கும் 40க்கும் ஒரே கோஎக்ஸில் (அன்ரெனாவை ரேடியோவோடு இணைக்கும் பின்னல் போட்ட வயர்) இன்வேர்ட்டட் வீ (தலைகீழ் வீ வடிவ அன்ரெனா). ரேடியோ ஐகாம் 7300. அனுப்புவதில் குறையில்லை, 80இல் எஃப்ரி8 (மெல்லிய சிக்னலையும் கணினி பிரித்தெடுக்கும் டிஜிட்டல் முறை) போட்டால் ஐரோப்பாவில் நிறையப் பேருக்கு நான் கேட்பதை பிஎஸ்கே ரிப்போர்ட்டர் இணையத்தளம் காட்டுகிறது. திரும்ப அவர்கள் கூப்பிடுவதுதான் எனக்கு விழுவதில்லை. ஒருவர் பல தடவை கூப்பிட்டுக்கொண்டிருக்க நான் கேட்காமல் மறுபடி சீக்யூ (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) போட்டுக்கொண்டிருப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அந்த நேரம் அவருக்கும் எவ்வளவு அருமையானது என்று தெரியும்.

இரைச்சல் மூன்று மாதிரி. ஒன்று எந்நேரமும் இருக்கிற ஒரு இரைப்பு, வாட்டர்ஃபோலில் (சிக்னல்களை ஓடும் படமாகக் காட்டும் திரை) பார்த்தால் ஒரே இடைவெளி விட்டுவிட்டு மேடு மேடாக நிற்கும், மெதுவாக நகரவும் செய்யும். இரண்டாவது டிக், டிக் என்று கிட்டத்தட்ட ஒரு செக்கனுக்கு ஒன்று. மூன்றாவது ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் தொடங்கும் படபடப்பு, அது இடி என்று விளங்குகிறது. ரேடியோவில் உள்ள நொய்ஸ் பிளாங்கர் (துடிப்பு இரைச்சலை வெட்டும் வசதி) டிக் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, மற்றவற்றுக்கு ஒன்றும் செய்வதில்லை.

இப்போது தனியாக ஒரு ரிசீவிங் அன்ரெனா போட யோசிக்கிறேன். பெவரேஜ் (நிலத்துக்குக் கிட்ட இழுக்கும் நீள வயர் அன்ரெனா) போடலாம் என்றால் வயல் இருக்கிறது, ஆனால் காலபோகத்தில் (மாரிப் பயிர்க் காலத்தில்) நெல் நிற்கும், 160 நன்றாகத் திறக்கிற மாதங்களும் அதேதான். கே9ஏவை லூப் (கம்பத்தில் தொங்கும் முக்கோண வயர் சுற்று) போடலாமா? அல்லது வெளிநாட்டில் இருந்து ஒரு சின்ன அக்ரிவ் லூப் (பெருக்கி பூட்டிய வளைய அன்ரெனா) வாங்குவதா? காசு ஒரு தடவைதான் செலவழிக்கலாம், அதனால் கேட்டுவிட்டுச் செய்கிறேன். 2022 மின்வெட்டுக் காலத்தில் போட்ட சோலரும் பற்றரியும் இன்வேர்ட்டரும் வீட்டில் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பனங்காமத்தான்:

தம்பி, கடைசி வரியில் சொன்னதை நீங்கள் முதல் வரியில் சொல்லியிருக்கவேண்டும். ஒரே இடைவெளியில் மேடு மேடாக நின்று, சூடேற ஏற நகரும் இரைச்சல் என்றால் அது சுவிச்மோட் பவர்சப்ளை (கரண்டை வேகமாக வெட்டி வெட்டி வோல்ற்றை மாற்றுகிற சாமான்). உங்கள் வீட்டில் அது எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: சோலர் சார்ஜ் கொன்ரோலர், இன்வேர்ட்டர், ஒவ்வொரு எல்ஈடி பல்ப்புக்குள்ளும் ஒன்று, ஃபோன் சார்ஜர், ரிவி, வைஃபை ரூட்டர். எல்லாம் 230 வோல்ற் வயரில் தொங்குகின்றன, அந்த வயர் முழுவதும் ஒரு அன்ரெனா.

எந்த அன்ரெனா என்று கேட்கிறதுக்கு முதல் ஒரு சோதனை. நடுப்பகலில் 160ஐக் கேளுங்கள். பகலில் வானத்து அயனி மண்டலத்தின் கீழ்ப் படையான டி படை தூரத்துச் சிக்னலை எல்லாம் விழுங்கிவிடும், தூரத்து இடியும் அதோடு போய்விடும், அதனால் பக்கத்தில் மழை இருட்டு இல்லாத நாளில் மத்தியானம் 12 மணிக்கு 1.8 மெகாஹெர்ட்ஸில் கேட்கிற இரைச்சல் ஏறக்குறைய முழுவதும் உங்கள் வளவும் அயலும் போடுகிற இரைச்சல்தான். அது எஸ்9 என்றால் வானத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் ரேடியோவை ஒரு 12 வோல்ற் கார் பற்றரியில் ஓட விட்டுவிட்டு மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். இங்கே நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: மெயினை நிறுத்தினால் இன்வேர்ட்டர் உடனே பற்றரியில் இருந்து வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும், இரைச்சல் குறையாது, ஆகவே என் வீடு சுத்தம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்வேர்ட்டரையும் நிறுத்தவேண்டும், சோலர் பக்கத்து ஐசொலேற்றரையும் திறக்கவேண்டும். வெயில் நேரத்தில் பனலின் பிளக்கைக் கையால் இழுத்துக் கழற்றவேண்டாம், டீசி கரண்ட் தீப்பொறியாக நீண்டு கையைச் சுட்டுவிடும். ஐசொலேற்றர் சுவிச்சால் மட்டும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இருட்டின பிறகு செய்யுங்கள்.

எல்லாம் நின்ற பிறகு மீற்றர் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் இடத்தின் உண்மையான இரைச்சல். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், எதைப் போடும்போது மீற்றர் துள்ளுகிறதோ அது ஒரு குற்றவாளி. ஒரு எஸ் புள்ளி 6 டெசிபெல். எஸ்9இல் இருந்து எஸ்6க்கு இறங்கினால் 18 டெசிபெல், 100 வாற்ஸ் ஆளை 6 கிலோவாற்ஸ் ஆக்கியதற்குச் சமம். எந்த அன்ரெனாவும் அந்தளவு லாபத்தை ஒரு நாளில் தராது.

வயதானவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். வன்னியில் கரண்ட் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் பிபிசி தமிழோசை கேட்டோம். இரண்டு முழ வயரில் சிற்றலை அப்படிக் கேட்டது, ஏனென்றால் பல கிலோமீற்றருக்கு ஒரு மோட்டர் கூட ஓடவில்லை. அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று யாரும் கேட்கமாட்டோம். ஆனால் இந்த மண்ணின் அமைதி எங்கும் போகவில்லை, நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்த சாமான்களுக்குப் பின்னால் நிற்கிறது. அதை வெளியே எடுக்கலாம்.

கொயில்_வவுனியா:

ஐயா சொன்னதோடு கோஎக்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கோஎக்ஸின் வெளிப் பின்னல் வீட்டு எர்த்தோடு தொடுத்திருக்கிறது, வீட்டு எர்த் முழுக்க இன்வேர்ட்டர் இரைச்சல். அந்த இரைச்சல் பின்னலின் வெளிப்பக்கமாக நடந்து அன்ரெனாவின் ஊட்டுமுனைக்குப் போய், அங்கே உள்ளே திரும்பி ரேடியோவுக்கு வருகிறது. இதுதான் கொமன்மோட். இதை அடைக்காமல் 200 மீற்றர் தள்ளி எவ்வளவு நல்ல அன்ரெனா போட்டாலும் வீட்டு இரைச்சலைத்தான் அது கேட்கும்.

பார்க்கிற வழி லேசு. அன்ரெனா முனையில் கோஎக்ஸைக் கழற்றி, அன்ரெனாவுக்குப் பதிலாக ஒரு 50 ஓம் தடையை மாட்டுங்கள் (ரிவி வயர் என்றால் 75). இப்போது ரேடியோவில் கேட்கிற இரைச்சல் முழுவதும் கோஎக்ஸ் வழியில் பொறுக்கியது. ஒன்றும் கேட்கக்கூடாது. தடை மாட்டியிருக்கும்போது தவறியும் பிரிரியை (அனுப்பும் பொத்தானை) அழுத்தாதீர்கள்.

அடைக்கிறதுக்கு கொமன்மோட் சோக், அதாவது பின்னலின் வெளியே ஓடுகிற கரண்டைத் தடுக்கிற சுருள். 31ஆம் கலவை ஃபெரைற் வளையம், 2.4 அங்குலம், எஃப்ரி240-31 என்று கேட்டு வாங்கலாம். அதில் மெல்லிய கோஎக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் 160, 80 இரண்டிலும் சில ஆயிரம் ஓம் தடுப்புக் கிடைக்கும். கடையில் கிடைக்கிற கிளிப் ஃபெரைற்றை வயரின் மேல் ஒரு தடவை மாட்டினால் 1.8 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது, ஏனென்றால் தடுப்பு சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தோடு கூடுகிறது. பத்துச் சுற்று என்றால் நூறு மடங்கு. கணினிப் பவர்சப்ளைக்குள் இருக்கிற மஞ்சள் வெள்ளை வளையத்தையும் எடுத்துச் சுற்றவேண்டாம், அது இரும்புத்தூள், ஃபெரைற் அல்ல, இந்த வேலைக்கு ஆகாது. பழைய பெட்டி ரிவியின் பின்னால் குழாயின் கழுத்தில் இருக்கிற யோக்கின் ஃபெரைற் தாழ்ந்த பட்டைகளுக்கு உதவும், பழுதுபார்க்கிற கடையில் சும்மாவே தருவார்கள், 31 கிடைக்காவிட்டால் அதை வைத்துப் பாருங்கள்.

ஒரு சோக் அன்ரெனா முனையில், ஒன்று வீட்டுக்குள் நுழைகிற இடத்தில். சோலருக்கும் இதே வைத்தியம்: பனலில் இருந்து வருகிற பிளஸ், மைனஸ் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, இரண்டையும் சேர்த்தே ஒரே வளையத்தில் சுற்றவேண்டும், கொன்ரோலருக்குப் போகிற பக்கத்திலும் பற்றரிக்குப் போகிற பக்கத்திலும். இரண்டு வயரும் தனித்தனியாகக் கூரையின் இரு பக்கத்தால் இறங்கினால் நீங்களே ஒரு பெரிய லூப் அன்ரெனா கட்டி இரைச்சலை ஒலிபரப்புகிறீர்கள் என்று அர்த்தம்.

யானைக்காடு:

நான் நெடுங்கேணிப் பக்கம். டிக், டிக் சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அது யானைவேலி. மின்வேலி எனர்ஜைசர் ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை உயர் வோல்ற் துடிப்பை வயரில் விடும். வேலி ஒழுங்காக இருந்தால் அது தூரத்துக்குக் கேட்கவே கேட்காது. வயரில் புல்லோ கொடியோ முட்டுகிற இடத்தில், இன்சுலேற்றர் வெடித்த இடத்தில், வயரை வயரோடு சும்மா முறுக்கிவிட்ட மூட்டில் தீப்பொறி பாய்கிறது, அந்தப் பொறிதான் உங்கள் ரேடியோவில் டிக் என்கிறது. இருட்டின பிறகு வேலியோரம் நடந்தால் (வேலிக்குப் பொறுப்பானவர்களோடு, யானை வருகிற நேரம் பார்த்து) பொறி கண்ணுக்கே தெரியும், சத்தமும் கேட்கும். சின்ன ஏஎம் ரேடியோ ஒன்றைக் கையில் கொண்டுபோனால் இன்னும் லேசு, நிலையம் இல்லாத இடத்தில் வைத்து நடந்தால் கிட்டப் போகப் போக டிக் சத்தம் கூடும்.

ஒருவரிடமும் போய் என் ரேடியோவுக்காக வேலியை நிறுத்துங்கள் என்று கேட்கவேண்டாம். அந்த வேலிக்குள்ளே ஆட்களின் பயிரும் உயிரும் இருக்கிறது. ஆனால் பொறி பாய்கிற வேலி வோல்ற்றை வழியிலேயே நிலத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிற வேலி, கடைசி முனையில் யானைக்கு அடிக்க அதில் ஒன்றும் மிஞ்சாது. அதைச் சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள். எங்கள் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் நான் ரேடியோவைப் பற்றிப் பேசவில்லை, இன்ன இன்ன இடத்தில் வேலி கரண்டை விடுகிறது என்று இடத்தைக் காட்டினேன். பொடியன்மார் எனர்ஜைசரை நிறுத்திவிட்டுப் புல்லை வெட்டி, இன்சுலேற்றர் மாற்றி, மூட்டுகளை இறுக்கிவிட்டார்கள். 80 மீற்றரில் டிக் சத்தம் போய்விட்டது. வேலியும் பழையபடி அடிக்கிறது. நீங்களாக வயரைத் தொடவேண்டாம், நிறுத்தியாகிவிட்டது என்று ஒருவர் சொன்னாலும் எனர்ஜைசரைக் கண்ணால் பார்க்காமல் கை வைக்கவேண்டாம்.

முறிகண்டி160:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்து பார்த்தேன்.

வெயில் நல்லாக எறிக்கிற மத்தியானம், 160இல் எஸ்9 கொஞ்சம் கூட. மெயினை நிறுத்தினேன், அசையவில்லை. ஐயா சொன்ன மாதிரி இன்வேர்ட்டர் எடுத்துக்கொண்டது. இன்வேர்ட்டரை நிறுத்த எஸ்7. சோலர் ஐசொலேற்றரைத் திறந்தேன், எஸ்4. அந்த நேரம் காதில் விழுந்த அமைதியை எழுத்தில் சொல்லமுடியாது, அம்மா கூட ரேடியோ நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். மிஞ்சியது டிக் டிக் மட்டும், அது இப்போது தெளிவாகத் தனியாகக் கேட்கிறது. எங்கள் பக்கத்து வேலி ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது.

பொழுதுபட்டதும் சோலர் இரைச்சல் தானாக நிற்கிறது, பனலில் வெளிச்சம் இல்லை என்றால் கொன்ரோலர் உறங்கிவிடும் போல. இன்வேர்ட்டர் நிற்பதில்லை. ஆகவே இரவில் ரேடியோ போடுகிற நேரம் இன்வேர்ட்டரை நிறுத்திவிட்டு நேரே மெயினில் வீட்டை ஓட விடலாம், கரண்ட் நிற்கிற நாளில் மட்டும் அது வேண்டும். பல்ப்புகளில் இரண்டு கெட்டவை அகப்பட்டன, மாற்றிவிட்டேன்.

கோஎக்ஸ் சோதனையும் செய்தேன். 50 ஓம் தடை மாட்டியும் இன்வேர்ட்டர் ஓடும்போது எஸ்5 கேட்கிறது. சோக் வளையத்துக்குச் சொல்லிவிட்டேன்.

இனி அன்ரெனாவைப் பற்றிக் கதைக்கலாமா?

கொயில்_வவுனியா:

இப்போது கதைக்கலாம்.

முதலில் ஒரு விஷயம் மனதில் இருக்கவேண்டும். தாழ்ந்த பட்டையில் ரிசீவிங் அன்ரெனா சிக்னலைக் கூட்டுகிறதுக்கு அல்ல. கே9ஏவையில் சிக்னல் உங்கள் இன்வேர்ட்டட் எல்லை விட 20 டெசிபெல்லுக்கு மேலே குறைவாக வரும், அதைப் பார்த்துப் பயப்படக்கூடாது. சிக்னல் 20 குறைந்து இரைச்சல் 28 குறைந்தால் 8 டெசிபெல் லாபம், கேட்காத ஆள் கேட்பார். வேண்டாத திசையைக் காதில் இருந்து விலக்குவதுதான் வேலை. உங்களுக்கு ஐரோப்பா வடமேற்கில். ஐப்பசி கார்த்திகையில் இடி பெரும்பாலும் தெற்கிலும் கிழக்கில் வங்காள விரிகுடாப் பக்கமும் நிற்கும். முதுகுப் பக்கத்தை அடைக்கிற அன்ரெனா உங்களுக்குப் பொன்.

பெவரேஜ்: ஹரோல்ட் பெவரேஜ் 1921இலேயே காப்புரிமை எடுத்த சங்கதி, இன்றைக்கும் அதை வெல்ல எளிய வயர் ஒன்று வரவில்லை. கேட்கவேண்டிய திசையை நோக்கி ஒரு நேர் வயர், 2 முதல் 3 மீற்றர் உயரத்தில், 160க்கு ஒரு அலைநீளம் என்றால் 160 மீற்றர். தூர முனையில், அதாவது வடமேற்கு முனையில், 470 ஓம் தடை ஊடாக எர்த். கிட்ட முனையில் 9க்கு 1 ரான்ஸ்ஃபோமர், பிறகு கோஎக்ஸ். வயர் எதுவும் சரி, மின்வேலிக்கு விற்கிற வயரும் அதன் இன்சுலேற்றரும் மலிவு, நல்ல பலம். தடை கார்பனோ மெற்றல் ஒக்சைட்டோ இருக்கட்டும், வயர் சுற்றிய தடை ஆகாது, அது ஒரு கொயில்.

ஆனால் உங்கள் வயலுக்கு இரண்டு சிக்கல். காலபோகத்தில் தண்ணீர் நிற்கிற வயலுக்கு மேலே பெவரேஜ் மங்கிவிடும். அது வேலை செய்வதே நிலம் கெட்ட கடத்தியாக இருப்பதால், அலையின் முகம் நிலத்தோடு இழுபட்டு முன்னே சாய்கிறது, அந்தச் சாய்வுதான் வயரில் சிக்னலாகிறது. ஈர நிலத்தில் சாய்வு குறையும். நிலத்திலேயே வயரைப் போடுகிற முறைக்கு ஈரம் இன்னும் பகை, ஒவ்வொரு மழைக்கும் அதன் நடத்தை மாறும், வயலில் அதை யோசிக்கவே வேண்டாம். இரண்டாவது, அறுவடை மெஷின் 3 மீற்றர் வயரைக் கண்டுகொள்ளாது, யானையும் கண்டுகொள்ளாது. வரம்போடு அல்லது காட்டோர வேலியோடு மேட்டு நிலமாகப் பார்த்து இழுக்கலாம் என்றால் பெரியப்பாவோடு கதையுங்கள். அறுவடை முடிந்து தை மாசியில் நிலம் காய, இடியும் அடங்கும், ஐரோப்பாவிலும் இரவு நீளம். பெவரேஜை அப்போது போடலாம், சிறுபோகத்துக்கு முதல் சுருட்டலாம்.

வருடம் முழுவதற்கும் வளவுக்குள்ளே கே9ஏவை போடுங்கள். 1997இல் வெளியான வடிவமைப்பு. ஏழரை மீற்றர் உயரத்தில் ஒரு கம்பம், மூங்கில் போதும், அதன் உச்சியில் இருந்து முக்கோணம் மாதிரி ஒரு சுற்று வயர், மொத்தம் ஏறக்குறைய 26 மீற்றர். ஒரு முனை ரான்ஸ்ஃபோமருக்கு, மறு முனை தடை ஊடாக அடியில் இருக்கிற எர்த் கம்பிக்கு. இரண்டு சுற்றைக் குறுக்காகப் போட்டு ரிலே வைத்தால் நாலு திசை. பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் இடத்தில் முடிந்துவிடும். பெவரேஜ் அளவு கூர்மை இல்லைதான், திசைத்திறன் கணக்கில் முழு நீளப் பெவரேஜுக்கு மூன்று டெசிபெல் அளவு பின்னால் நிற்கும், ஆனால் நெல்லுக்கும் மழைக்கும் யானைக்கும் பயப்படத் தேவையில்லை.

காசு கொடுத்து வாங்குகிற அக்ரிவ் லூப்பை உங்கள் இடத்தில் நான் வாங்கமாட்டேன். ஒரு சின்ன வீட்டு முற்றத்தில் இருப்பவருக்கு அது அருமையான சாமான், பக்கத்து வீட்டு இரைச்சல் ஒன்றை அதன் நல்-இல் (ஒன்றும் கேட்காத திசையில்) வைத்து அழித்துவிடலாம். வளவு உள்ளவருக்கு அந்தக் காசில் வயரும் வளையமும் மூன்று அன்ரெனாவுக்குக் கிடைக்கும்.

எதைப் போட்டாலும் இன்வேர்ட்டட் எல்லில் இருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். 160இல் ஒத்ததிர்கிற பெரிய வயர் பக்கத்தில் நின்றால் அது இரைச்சலைப் பிடித்துத் திரும்பக் கதிர்க்கும், லூப்பின் முதுகு அடைப்பும் கெட்டுவிடும். வீட்டில் இருந்தும் தள்ளுங்கள்.

நந்திக்கடல்:

கடலோரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு சொல். முல்லைத்தீவு, களப்புப் பக்கம் உப்பு நிலத்தில் பெவரேஜ் போட்டு ஏமாறவேண்டாம், கொயில் அண்ணா சொன்ன அதே காரணம்தான், உப்புத் தண்ணீர் நல்ல கடத்தி. இங்கே செங்குத்து அன்ரெனாவால் அனுப்பினால் கடல் பக்கம் அற்புதமாகப் போகும், கேட்க கே9ஏவை அல்லது எர்த் தேவையில்லாத ஃப்ளாக் லூப் சரி. மூட்டுகளை எல்லாம் ஈயம் வைத்து ஒட்டி கிரீஸ் பூசுங்கள். துருப்பிடித்த மூட்டு டயோட் மாதிரி நடந்து இல்லாத சிக்னல்களை உண்டாக்கும், உப்புக் காற்றில் முறுக்கிவிட்ட மூட்டு அதிக நாள் தாங்காது.

லைன் இரைச்சலும் ஒருநாள் வரும், அதை இப்போதே அறிந்து வையுங்கள். 33 ஆயிரம் வோல்ற் லைன் போகிற கம்பத்தில் தளர்ந்த ஆணி, வெடித்த இன்சுலேற்றர் இருந்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கும், சோளகக் காற்று அடிக்கிற காய்ந்த மாதங்களில் கூடும், மழை பெய்ததும் பல நேரம் நின்றுவிடும். மழைக்கு நிற்கிற உறுமல் என்றால் லைன் என்று சந்தேகப்படலாம். எந்தக் கம்பம் என்று பிடிக்க, கீழே தொடங்கி மேல் அலைவரிசைக்குப் போங்கள், விமான அலைவரிசை ஏஎம் கேட்கிற கை ரேடியோவில் கேட்டால் அந்தக் கம்பத்துக்கு மிகக் கிட்டத்தில்தான் கேட்கும். கம்பத்தைத் தட்டவோ ஆட்டவோ வேண்டாம். கம்ப இலக்கத்தை எழுதிக் கொடுத்தால் லைன் ஆட்களுக்கும் வேலை லேசு.

பளை_மணல்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதை யாரும் சொல்லவில்லை. பெவரேஜுக்கு வயர் இழுக்கக் காட்டோரம் போகிறவர்களும் எர்த் கம்பி அடிக்கிறவர்களும் அந்த நிலம் மிதிவெடி அகற்றி ஒப்படைத்த நிலமா என்று கிராம சேவையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். முகமாலைப் பக்கத்தில் எவ்வளவு காலம் அகற்றினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். உழுது விதைக்கிற வயல் வேறு, அதன் ஓரத்துப் பற்றை வேறு. சிவப்புப் பலகை இல்லை என்பதால் மட்டும் நம்பவேண்டாம். இரும்பு ஏதாவது மண்ணுக்குள்ளே தெரிந்தால் தொடாமல் வந்த வழியே திரும்பி அறிவியுங்கள். கே9ஏவைக்கு வீட்டு வளவில் அடிக்கிற ஒரு மீற்றர் எர்த் கம்பிக்கும் இதேதான், வீடு கட்டும்போது கிண்டிய இடத்துக்குள் அடிப்பது நல்லது.

பனங்காமத்தான்:

பளைத் தம்பி சொன்னதை எல்லோரும் இரண்டு தரம் வாசியுங்கள்.

முறிகண்டி160:

உண்மைதான், பெரியப்பாவின் வயலுக்குப் பின்னால் பற்றைக்குள் நாங்கள் யாரும் போவதில்லை. வயர் வரம்போடு மட்டும் போகும். அதில் 120 மீற்றர்தான் கிடைக்கும், 80க்கு அது தாராளம் என்று நினைக்கிறேன்.

கே9ஏவையை முதலில் போடுகிறேன். இரண்டு கேள்வி மட்டும். 7300இல் ரிசீவிங் அன்ரெனாவுக்குத் தனிச் சொக்கெற் இல்லை, எப்படி மாற்றுவது? ரான்ஸ்ஃபோமரை எப்படிச் சுற்றுவது, சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இடிக்கு என்ன செய்வது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

கொயில்_வவுனியா:

120 மீற்றர் 80க்கு ஒன்றரை அலைநீளம், நல்லாகக் கேட்கும். 160இலும் ஏதோ தரும்.

ரேடியோவுக்கு வெளியே ஒரு ரிலே பெட்டி. ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது ரேடியோ அனுப்புகிற அன்ரெனாவோடு இருக்கவேண்டும், கரண்ட் கொடுத்தால்தான் ரிசீவிங் அன்ரெனாவுக்கு மாறவேண்டும். அப்போது பற்றரி வயர் கழன்றாலும் 100 வாற்ஸ் பாதுகாப்பான பக்கமே போகும். மாறி அமைத்தால் ஒருநாள் முழு வாற்ஸும் சின்ன ரான்ஸ்ஃபோமருக்குள்ளே போய் அது கருகும். பின்பக்கத்து சென்ட் சொக்கெற் ரிலேயின் கரண்டை வெட்டட்டும், மெனுவில் அனுப்பும் தாமதத்தைக் கூட்டி வையுங்கள், ரிலே விழுந்து முடியாமல் ஆர்எஃப் (அனுப்பும் சிக்னல்) வெளியே வரக்கூடாது. ரிசீவிங் பக்கத்துக்கு எதிரெதிராக டயோட் சோடி ஒன்றும் போடுங்கள், பக்கத்து இன்வேர்ட்டட் எல்லில் இருந்து வருகிறது கொஞ்சமல்ல.

ரான்ஸ்ஃபோமருக்கு இரண்டு துளை உள்ள 73ஆம் கலவை ஃபெரைற், பிஎன்-73-202. கோஎக்ஸ் பக்கம் 2 சுற்று, வயர் பக்கம் 6 சுற்று. ஒரு துளையால் போய் மறு துளையால் வந்தால்தான் ஒரு சுற்று. 75 ஓம் ரிவி வயர் போட்டால் 2க்கு 5 சரிவரும், ஆர்ஜி6 இங்கே எந்தக் கடையிலும் இருக்கிறது, நான் அதைத்தான் போடச் சொல்வேன். இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருக்கட்டும், கோஎக்ஸின் பின்னலை அன்ரெனா எர்த்தோடு தொடுக்கவேண்டாம். தொடுத்தால் சோக்குக்குக் கொடுத்த காசு வீண்.

சுற்றி முடித்ததும் வயர் பக்கத்தில் 470 ஓம் தடையை மாட்டி, கோஎக்ஸ் பக்கம் அன்ரெனா அனலைசரை வைத்துப் பாருங்கள். 1.8 முதல் 7 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்டபிள்யூஆர் (பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5க்குள் நின்றால் சரி, 50 ஓம் அனலைசரில் 75 ஓம் சுற்றைப் பார்த்தால் 1.5ஐ ஒட்டி நிற்கும், அதுவும் சரிதான். முன்பெருக்கி இப்போது வாங்கவேண்டாம். கே9ஏவையை மாட்டும்போது ரேடியோவின் இரைப்பு நாலைந்து டெசிபெல் கூடுகிறதா என்று அமைதியான நேரத்தில் பாருங்கள், கூடினால் அதற்கு மேல் பெருக்கினாலும் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். கூடாவிட்டால் ரேடியோவில் உள்ள பிரிஅம்ப்பை (முன்பெருக்கியை) முதலில் போட்டுப் பாருங்கள், அநேகமாக அது போதும்.

இடிக்கு ஒன்றுதான் வழி: பாவிக்காத நேரம் கோஎக்ஸைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் மத்தியானத்துக்கு முதலே. மேகம் தலைக்கு மேல் வந்த பிறகு கழற்றப் போகவேண்டாம்.